மணலிக் காத்து

சாணிக் குழியின் மூடியை நகர்த்தியதும் பொன்ராஜ் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மணலிக் காத்து. கூமுட்ட மாரி நாறுது பாரு நைனா."

ஆலைகள் நிறைந்த மணலி பக்கத்தில் இருப்பதால், காலடிப்பேட்டையில் எந்த நாற்றம் வந்தாலும் அதற்குப் பேர் மணலிதான். சாக்கடை அடைத்தாலும் மணலி. பரண்மேல் எலி செத்தாலும் மணலி. அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் தன் வீட்டுக்குள் தேட வேண்டியதில்லை.

தண்டபாணி குழியைப் பார்க்கவில்லை. பொன்ராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுபத்தெட்டு வயது. மூன்று வருஷமாகப் பொன்ராஜின் இந்த எருமைக் கொட்டகையில் பால் கறக்கிறார். எவனையும் நம்பாத மனுஷன். மாட்டு டாக்டர் போடும் ஊசியை நம்பமாட்டார். மீன்காரி இப்போதுதான் வலையிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தாலும், செவுளைப் பிளந்து சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்.

கழிவுநீரை வெளியே இறைக்கக் குழிக்குள் கிடக்கும் மோட்டாரின் வாயில் தவிட்டுக் கோணி ஒன்று சிக்கி இரண்டு நாளாகிறது. மோட்டார் ஓடாததால் கொட்டகையைக் கழுவ முடியவில்லை. பதினோரு எருமையும் தன் சாணியிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு நாள் போனால் மடி வீங்கிவிடும்.

பொன்ராஜ் மூங்கில் கழியை விட்டுக் கோணியைக் குத்தினான். கிளறினான். அது வரவில்லை. குனிந்து குனிந்து பார்த்தான்.

பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"காத்து திரும்பிகிச்சு. இப்போ நாத்தமே இல்ல."

"இல்லியா?"

"சுத்தமா இல்ல நைனா. ரெண்டு நிமிஷ வேல. எறங்கி இழுத்துப் போட்டுட்டு ஏறிடறேன்."

லுங்கியைத் தூக்கிக் கட்டினான். ஏணியை உள்ளே இறக்கினான். ஒன்றரை ஆள் ஆழம். தண்டபாணி அவன் கண்களைப் பார்த்தார். இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நீர் வடித்துக்கொண்டிருந்தன.

தண்டபாணி எட்டி ஏணியை வெளியே உருவினார். மூடியை இழுத்துக் குழியை அடைத்தார். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பண்றே? எழுந்திரு."

"நாறுது."

"போயிடுச்சுன்னு சொல்றேன்ல."

"உனக்குப் போயிடுச்சு. எனக்கு நாறுது. கூமுட்ட மாரி."

"உன்து இன்னா போலீஸ் நாய் மூக்கா?"

"ஆமா. லாரிய கூப்புடு. அது உறிஞ்சி எடுக்கட்டும். மனுசன் எவனும் எறங்கறதில்ல."

பொன்ராஜ் கெஞ்சிப் பார்த்தான். கத்திப் பார்த்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கியும் பார்த்தான். கிழவர் மூடியின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாகக் கனத்தார்.

"நாளைலேருந்து நீ வேலைக்கி வராதே."

"வரல. இன்னிக்கி எழுந்துக்க மாட்டேன்."

பொன்ராஜுக்குத் தலை வலித்தது. பூவரச மரத்தடியில் போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அங்கிருந்தே லாரிக்காரனுக்குப் போன் போட்டான்.

லாரி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை தண்டபாணி வெயிலில் அந்த மூடியைவிட்டு நகரவில்லை. லாரிக்காரன் குழாயை விட்டு உறிஞ்சினான். வெளியே நின்றபடியே நீளக் கொக்கி போட்டுக் கோணியை இழுத்தெடுத்தார்கள். ஒருவர் காலும் உள்ளே படவில்லை. மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. தண்ணீர் பட்டதும் எருமைகள் காதை ஆட்டிக்கொண்டு நின்றன.

மத்தியானம் தண்டபாணியின் மனைவி கன்னியம்மா தூக்குச் சட்டியோடு வந்தாள். பொன்ராஜுக்கும் ஒரு தட்டு வைத்தாள். மரத்தடியில் உட்கார்ந்ததில் தலைவலி விட்டு, அவனுக்கு நல்ல பசி. முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான்.

"இன்னா ஆயா, கொழம்பு தீஞ்சிகீது."

"தீயாம இன்னா பண்ணும்? காலைல அடுப்புல வெச்சுட்டு, இந்த ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டுத் தண்ணி புடிக்கப் போனேன். எம்புத்திய சொல்லணும். சட்டி கருகித் தெருவே நாறுது, இவரு அடுப்பாண்டையே குந்திகினு பீடி குடிக்கிறாரு."

"ஏன், தெரியலியா அவருக்கு?"

"எப்டித் தெரியும்? மூக்கு செத்துப் பதினெட்டு வருஷமாவுது. இவரு தம்பி, நாத்தம் போயிடுச்சுன்னு சொல்லிகினு இதே மாரி ஒரு குழில எறங்கினான். வெஷக்காத்து மொதல்ல மூக்கத்தான் மரக்க வெக்கும்னு அப்பறந்தான் சொன்னாங்க. அவனைத் தூக்க இவரும் எறங்கினாரு. தம்பியும் வரல, மூக்கும் வரல."

பொன்ராஜின் கை தட்டிலேயே நின்றது. கிழவரைப் பார்த்தான்.

தண்டபாணி மீனைப் பிட்டு முள்ளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கீது. துன்னு."

பொன்ராஜ் சாப்பிட்டான். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு தட்டைக் கன்னியம்மாவிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து ஆயா."