அணில் பேராசிரியருக்குக் கிடைத்த பாராட்டு

காட்டுக் கல்லூரியில் சேமிப்புப் பாடம் நடத்திய அணில் பேராசிரியர், கடைசி வகுப்பில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என் பாடம் எப்படி? மறைக்காமல் சொல்லுங்கள்."

"தூக்கம் தூக்கமாய் வந்தது சார். பகலில் வகுப்பு வைத்தால் வேறென்ன வரும்?" என்றது ஆந்தை.

"பயங்கர வேகம் சார். ஒரு வரி எழுதுவதற்குள் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறீர்கள்" என்றது ஆமை.

அணிலுக்கு முகம் தொங்கிப்போனது. உடனே எலி எழுந்தது.

"இவர்கள் கிடக்கிறார்கள் சார்! கொட்டைகளை ஒளித்துவைப்பதை உங்கள் வீட்டுப் பொந்தையே உதாரணமாக வைத்து விளக்கினீர்களே, மனதில் அப்படியே பதிந்துவிட்டது."

பூரித்துப்போய் வீடு திரும்பிய அணில் பொந்துக்குள் கைவிட்டார். ஒரு கொட்டைகூட இல்லை. சுற்றிலும் எலியின் காலடித் தடம்.

தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு மதிப்பெண் பட்டியலை எடுத்து, மனசே வராமல், எலிக்கு நூற்றுக்கு நூறு போட்டார்.