பின்கதவு

கார் சோதனை ஓடுதளத்துக் கேண்டீன் சன்னலில், சமையலறை ஆட்கள் நாங்கள் மூக்கை அப்பிக்கொண்டு நிற்கிறோம். யாரும் அடையாளம் காணக்கூடாதென்று கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒட்டிய புது சொகுசுக் கார் மேல் ஹொக்கைடோ வெயில் வழுக்குகிறது. கம்பெனி இயக்குநர் குசுனோகி இன்று சரி என்றால்தான் அது தொழிற்சாலையில் தயாரிப்புக்குப் போகும். இல்லையென்றால் பொறியாளர் ஹிராட்சுகாவின் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்கு. பெரிய மனிதர் பழக்கதோஷத்தில் நேரே பின்கதவுக்கு நடக்கிறார். வெள்ளைக் கையுறை ஓட்டுநர் குனிந்து திறக்கிறார். அதை ஹிராட்சுகா இடுப்பால் இடித்துச் சாத்துகிறாள். “அங்க உக்காந்தா தூக்கம்தான் வரும் சார். இது ஓட்டுறவங்களுக்குச் செஞ்ச கார்.” முன்கதவைத் திறந்து பிடிக்கிறாள். “நான் ஸ்டியரிங் தொட்டு எத்தனையோ வருஷமாச்சும்மா.” “அது காருக்குத் தெரியாது சார்.” “போச்சு, இவ வேலை போச்சு!” என்கிறாள் சூப் ஊற்றும் மியோகோ, ஏகப்பட்ட சந்தோஷத்தோடு. குசுனோகி கோட்டைக் கழற்றி ஓட்டுநர் கையில் திணித்துவிட்டு ஏறுகிறார். எஞ்சின் மெல்லச் செருமி, பிறகு அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது. ஒரு சுற்று முடிந்து கார் திரும்பி வருகிறது. இறங்கப்போகிறாரென்று அதிகாரிகள் வரிசையாக இடுப்பு வளைத்துக் குனிகிறார்கள். அது நிற்கவில்லை. குனிந்த தலைகளின் தொப்பிகளைப் பறக்கவிட்டு, முன்னைவிட வேகமாக அடுத்த சுற்றுக்குப் பாய்கிறது.