கோழி அடையும் நேரம்

மூன்று நாள் அடைத்து வைத்திருந்தாள். நான்காம் நாள் காலையில் கூண்டைத் திறந்துவிட்டாள்.

இனி அவையாகவே வந்து அடைய வேண்டும்.

அடைப்பது வேறு. அடைவது வேறு.

கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து விட்டபோது அம்மா சொல்லித் தந்தது இது. மூன்று நாள் உள்ளேயே தீனி, உள்ளேயே தண்ணீர். பிறகு அதுதான் தன் இடம் என்று கோழிக்குத் தெரிந்துவிடும்.

அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு ஆவணியில் வந்தாள். இப்போது தை.

பொழுது இறங்கியது.

செவலை முதலில் வந்தது. கூண்டு வாசலில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஏறிக்கொண்டது. பின்னாலேயே சாம்பல். புள்ளி வாசல்வரை வந்தது, எதையோ மறந்ததுபோலத் திரும்பிப் போனது, ஒரு பூச்சியைக் கொத்தி விழுங்கிவிட்டு வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் விரட்டவில்லை. தானாக வந்துவிட்டன.

கருப்பி மட்டும் வரவில்லை.

தட்டில் கம்புத் தானியம் போட்டுக் குலுக்கினாள்.

"பா... பா... பா..."

துவைக்கும் கல்லின் விளிம்பு கரைந்தது. பிறகு கல். பிறகு கல்லுக்குப் பின்னால் இருந்த வேலி.

மற்றவர்களுக்கு இது இன்னும் சாயங்காலம்தான்.

போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் வீட்டுக் கோழியை மரநாய் கொண்டுபோனது. மரத்தில் தங்கிய கோழி. இருட்டிவிட்டால் கோழி எழும்பாது, சத்தம் போடாது. யார் தூக்கினாலும் கூடவே போகும்.

கோழியின் கண்ணில், இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்கள் குறைவு. கல்லூரியில் படம் போட்டு, பாகம் குறித்து எழுதியிருக்கிறாள். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவள் புத்தகத்தைப் புரட்டியதில்லை.

கொய்யா மரம் இருக்கும் பக்கம் திரும்பினாள். அங்கே மரம் இல்லை. இருட்டு இருந்தது.

மயிலாத்தாள் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையைக் கேட்டாள்.

"ஏனக்கா, உங்க மருமக கோழியோடயே அடைஞ்சுக்கறாளாட்ட இருக்குது?"

"எங்க அம்மிணி பொழுதானா வாசப்படி தாண்டாது. உம்பட மருமகளாட்டமா?"

அத்தை அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாராட்டு அவளுடையது அல்ல. திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியவில்லை.

கணவன் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்றாள். அவன் தைலம் தேய்த்துவிட்டான். வெகுநேரம் தேய்த்தான். இல்லாத வலி, விட்டுவிட்டதா என்று கேட்டான்.

"அங்க போய் அதையெல்லாம் சொல்லிட்டிருக்காதே" என்பதும் அம்மா சொல்லி அனுப்பியதுதான்.

வாசல் பக்கம் செருப்புச் சத்தம். அத்தை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அல்லாம் அடைஞ்சுதா அம்மிணி?"

தான் பார்க்காதபோது கருப்பியும் ஏறியிருக்கலாம். கூண்டுக்குள் கையை விட்டாள். ஒரு முதுகு. இரண்டு. மூன்று. ஏதோ நகர்ந்தது. நான்கு.

"நாலும் இருக்குதுங்கத்தை."

செருப்புச் சத்தம் கொல்லைப் பக்கம் வந்தது.

"கண்ணால எண்ணுனயா, கையால எண்ணுனயா?"

கூண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தாள். புள்ளிதான் இடம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அதா, கொய்யா மரத்துல உக்காந்துட்டு உன்னையத்தான் பாத்துட்டிருக்குது. எட்டிப் புடி."

சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். சுவர் முடிந்த இடத்தில் கையை நீட்டினாள்.

இலை. கிளை. ஒரு காய். மறுபடியும் இலை.

பால் தூக்குப்போசியைக் கல்லின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. அத்தையின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமான கை. பால் வாசனை.

கொஞ்சம் இடது பக்கம். கொஞ்சம் மேலே.

இறகு.

இறகுக்குள் சூடு. சூட்டுக்குள் வேகமாக அடித்துக்கொள்ளும் ஒரு சின்ன நெஞ்சு.

கருப்பி இறக்கையை உதறவில்லை. இரண்டு கைகளுக்குள் அடங்கி வந்தது.

"பகல்ல நாலு பேரு தொரத்துனாலும் சிக்காது, கழுதை. இப்பப் பாரு." அத்தையின் குரல் வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது. "இருட்டுல இதுக்குக் கண்ணு தெரியாது, கண்ணு."

கூண்டு வரைக்கும் அத்தை அவள் முழங்கையை விடவில்லை. அங்கே கல், இங்கே குழி என்று எதுவும் சொல்லவும் இல்லை. தன் நடையைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கருப்பியை உள்ளே விட்டாள். உள்ளே இருந்த மூன்றும் முனகின. நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் அடங்கியது.

கொண்டியைத் தடவி எடுத்துப் போட்டாள்.

முழங்கையில் அந்தக் கை இன்னும் இருந்தது.

"எனக்கும் தெரியாதுங்கத்தை" என்றாள்.