ஏழுக்கு ஆறு வழி

"இன்னிக்கும் காமுதான் ஜெயிச்சா" என்று சிரித்துக்கொண்டே வேம்பு படியிறங்கினான். மாட வீதி முனை திரும்பும் வரை அந்தச் சிரிப்பு ரகுபதியின் காதில் விழுந்துகொண்டிருந்தது.

வேம்பு, ரகுபதியின் மனைவி காமாக்ஷிக்கு அத்தை மகன். அவளுக்கென்று ஒரு காலத்தில் பேசி வைத்திருந்த முறைமாப்பிள்ளை. ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் வந்து, கூடத்தில் அவளோடு பகடை உருட்டுகிறான். உள்ளே இருக்கும் ரகுபதிக்கு அவன் சிரிப்பு மட்டும் கேட்கும். ஒருமுறைகூட அவன் ஜெயித்ததில்லை.

வேண்டுமென்றே தோற்கிறான் என்றுதான் ரகுபதி நினைத்தான். தன் மனைவியை ஜெயிக்க வைத்து அழகு பார்க்க இவன் யார்?

ஆனாலும், வராதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெண் வீட்டு உறவை வாசலில் நிறுத்தினால், பெண்டாட்டியைச் சந்தேகித்தான் என்றுதான் ஊர் பேசும். கௌரவமான குடும்பத்துக்கு அது அடுக்காது.

ஆபீஸ் போகும் டிராமில், கூட வேலை பார்க்கும் இனாயத்திடம் பகடைச் சூட்சுமத்தைக் கேட்டான்.

"ரெண்டு காயை உருட்டினா முப்பத்தாறு விதமா விழும் அய்யரே. அதுல ஏழுக்கு ஆறு வழி. பன்னெண்டுக்கு ஒரே ஒரு வழி. நீ கம்முனு ஏழைக் கேளு."

சனிக்கிழமை சாயங்காலம் ரகுபதி பகடையை எடுத்துக்கொண்டு மனைவியின் எதிரில் உட்கார்ந்தான்.

"ஆளுக்கொரு கூட்டுத்தொகை சொல்லணும் காமு. யார் சொன்னது முதல்ல விழறதோ அவா ஜெயிச்சா."

"பந்தயம் என்ன?"

"நான் ஜெயிச்சா, வேம்பு இனிமே இங்கே வர வேண்டாம்னு நீயே கார்டு எழுதணும். நீ ஜெயிச்சா எப்பவும்போல வரட்டும்." விளையாட்டாகத்தான் சொன்னான். குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

காமாக்ஷி பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்படின்னா நான்தான் முதல்ல சொல்லுவேன்."

இவள் ஏழைச் சொல்லிவிட்டால்?

"பன்னிரண்டு" என்றாள்.

"ஏழு" என்றான், மூச்சு விட்டு.

முதலில் ஒன்பது விழுந்தது. அடுத்து மூன்று, அப்புறம் ஐந்து. நாலாவது தடவை ஒரு காயில் நாலும் மறு காயில் மூன்றுமாக ஏழு வந்து நின்றது.

காமாக்ஷி கார்டும் பேனாவும் எடுத்து வந்து எழுத உட்கார்ந்தாள். குனிந்த அந்தத் தலையைப் பார்க்க ரகுபதிக்குச் சற்றுப் பாவமாக இருந்தது. பெரிய மனதோடு தேற்றினான்.

"வருத்தப்படாதே. இதெல்லாம் கணக்கு. ஏழுக்கு ஆறு வழி இருக்கு, பன்னிரண்டு எப்பவாவதுதான் விழும். நோக்கு அது தெரிய நியாயமில்லை."

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சுதான் பன்னிரண்டைச் சொன்னேன்."