வேலி தாண்டிய தயிர்சாதம்

மலாயாத் தோட்டமொன்றின் முள்வேலிக் கதவின்மேல் காலை வெயில் ரப்பர் இலைகளுக்குள் புகுந்து திட்டுத்திட்டாக விழுகிறது. மன்னார்குடியிலிருந்து படிக்க வந்திருக்கும் தெய்வானைக்கு இன்று சிரம்பான் பள்ளியில் முதல் நாள். அவளுடைய தூக்குச்சட்டியைக் காவலர் அரியமுத்து திறந்து பார்க்கிறார். தயிர்சாதம், ஓரத்தில் ஒரு துண்டு நாரத்தங்காய்.

“சோறு வேலியத் தாண்டக் கூடாது லா, தங்கச்சி. காட்டுல ஒளிஞ்சிருக்க கம்யூனிஸ்ட்காரனுக்குப் போயிரும்னு வெள்ளக்காரன் சட்டம். கொட்டிட்டுப் போ.”

வெளியே பஸ் உறுமுகிறது. தெய்வானை பாவாடையைச் செருகிக்கொண்டு அங்கேயே கல்லில் உட்காருகிறாள். ஹாரன் இரண்டு முறை அலறியும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, சட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

“இப்ப வயித்துக்குள்ள வச்சுத் தாண்டப் போறேன். அதையும் சோதிக்கணுமாண்ணே?”

அரியமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துகிறார்.