பாரிஸ் முடிச்சு

“பாரிஸ் பொண்ணுங்க ஸ்கார்ஃப் கட்டறதைப் போன்ல அப்படிப் பாக்கறீங்களே, யாருக்காம்? ஆபீஸ்ல புதுசா யாராவது வந்திருக்காங்களா?”

“பொறு, சொல்றேன்.”

கணவன் அப்படிச் சொல்லி ஒரு வாரமாகியும் வாய் திறக்கவில்லை. இன்றும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். ஆவல் தாங்காமல் அவள் தோளால் கதவைத் தள்ளினாள்.

கண்ணாடி முன்னால், அவளுடைய நீலப் பட்டு ஸ்கார்ஃபின் ஒரு முனையைப் பல்லால் கடித்தபடி, வலக்கையால் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். இடக்கை பேன்ட் பைக்குள் இருந்தது.

“ஐயாவோட இன்னொரு கை லீவா?”

அசடு வழிந்தான். “ஒத்தைக் கையால கட்ட வருதான்னு பாத்தேன். அந்த விபத்துக்கப்புறம் இது அலமாரியில சும்மாதானே தொங்குது? உதவிக்கு வந்தா நீ வேணாம்பே. இப்படின்னா நீயே கட்டிக்கலாம்.”

இரண்டு வருடமாக அசையாத தன் இடக்கையை அவள் பார்த்தாள். அத்தனை நாளும் கேட்காமலே இருந்ததை இப்போது கேட்டாள்.

“நீங்களே கட்டிவிடுங்களேன்.”