இடது பக்கத் திரை

"யாரையாவது திட்டணும்னா முதல்ல உட்கார்ந்துக்கோங்க மாப்பிள்ளை" என்று மாமனார் சொல்வார். உட்கார்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பாதி தலைமை டிசைனருக்கு மறந்துவிட்டது.

உட்கார்ந்தார். திட்டினார்.

"நான் பார்த்து சீல் வெச்சதைத் திறக்க உனக்கு யாரும்மா உரிமை கொடுத்தது?"

எதிரே அசெம்பிளிப் பெண் தலைகுனிந்து நின்றாள். மேஜை மேல் சாட்சியாக அந்தக் கருவி. அறுவை சிகிச்சை டாக்டர்கள் மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்வது. புருவத்துக்கு மேலே நகம் அளவில் இரண்டு திரைகள். அவற்றின் வெளிச்சம் லென்ஸ் வழியாக இறங்கி, கண்ணுக்கு முன்னால் சாய்ந்திருக்கும் கண்ணாடித் துண்டில் பட்டுத் திரும்பும். ஸ்கேன் படம் எதிரில் பெரிதாக மிதக்கும்.

வடிவமைத்தது அவர். கடைசியாக மாட்டிப் பார்த்து, திருகின் மேல் சீலாக ஒரு சொட்டு சிவப்பு வார்னிஷ் வைப்பதும் அவரேதான்.

அந்தச் சொட்டைச் சுரண்டி, திருகைத் திருப்பி, புதுச் சொட்டு வைத்திருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் கையும் களவுமாகப் பிடிபட்டாள். போட்டிக் கம்பெனிக்கு அளவெடுத்துக் கொடுக்கிறாள் என்றார் ஸ்டோர்காரர். யாரை வெளியே அனுப்புவது, பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார் முதலாளி.

அவள் மென்று விழுங்கினாள். இடது பக்கக் கண்ணாடித் துண்டு மயிரிழை கூடுதலாகச் சாய்ந்திருந்ததாம். படம் இரண்டாகத் தெரிந்ததாம். அதைச் சரி செய்தாளாம்.

"எனக்கு ஒண்ணாத் தெரிஞ்சது உனக்கு மட்டும் ரெண்டாத் தெரிஞ்சுதாக்கும்."

"வலது கண்ணை மூடிட்டு ஒரு தடவை பாருங்க சார்."

"ஒத்தைக் கண்ணால பார்த்து டாக்டர் ஆபரேஷன் பண்ணுவாரா?" இரண்டு கண்ணாலும்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்றுவரை அவரே அதை மீறியதில்லை.

ஆனாலும் அவள் வாயை அடைக்க வேண்டுமே. மாட்டினார். வலது கண்ணை மூடினார்.

கும்மிருட்டு.

"நினைச்சேன். இடது திரைக்கு ஒயரையே பிடுங்கிட்டியா?"

வலது கண்ணைத் திறக்காமலே கருவியைக் கழற்றினார்.

மேஜையைக் காணோம். ஜன்னலைக் காணோம். எதிரே நின்றவளைக் காணோம்.

"லைட்டை யாரு அணைச்சது?"

"லைட் எரியுது சார்."

வலது கண்ணைத் திறந்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மூடினார். இருட்டு. மறுபடி திறக்க அவருக்குப் பயமாக இருந்தது.

போன மாதம் இடது திரைக்கு ஒயர் மாட்டாமலே கொடுத்துவிட்டாளாம். "பிரமாதம், பேக் பண்ணு" என்றாராம். அன்றிலிருந்து அவர் பார்த்து முடித்ததையெல்லாம் அவள் ஒருமுறை பார்த்துத்தான் வெளியே அனுப்பினாளாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார். வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு மறைக்கிறீங்க, நாம ஏன் காட்டிக் கொடுக்கணும்னு..."

"எனக்கே இப்பதாம்மா தெரியுது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதம். அவர் டாக்டரிடம் போயிருக்க வேண்டிய ஒரு மாதம்.

அவர் போனை எடுத்து, சோதனை மேஜையிலிருந்து எடுக்க வேண்டிய பெயர் தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னார்.